கடைமடைக்காரர் கடலிலும் உண்டு

போன மாதம் எங்கள் வட்டார உழவர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. மூன்றே வரி. தமிழக மீனவர்கள் மீதான இலங்கைக் கடற்படையின் தாக்குதலைக் கண்டிக்கிறோம். சிறையில் இருப்பவர்களை விடுவிக்க வேண்டும். கச்சத்தீவை மீட்க வேண்டும். வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தூக்கின கையை இறக்காமலே, "நாலாவதா ஒரு வரி சேர்ப்போம். கடலடியைச் சுரண்டுற இழுவைமடியை நிறுத்தணும், அதுக்கு அரசு முழுப்பணம் கொடுக்கணும்னு எழுதுவோம்" என்றேன்.

கூட்டம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. நம்ம இளைய தோழர் ஒருத்தர், நல்ல பிள்ளை, அஞ்சு வருஷமா ரசாயனம் தொடாதவர், எழுந்து கேட்டார்: "அண்ணாச்சி, நம்ம ஆளு அங்க அடி வாங்கிட்டுக் கிடக்கான். நீங்க இலங்கைக்காரனுக்கு வக்காலத்து வாங்குதீயளே?"

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அந்தத் தம்பியின் கேள்வியில் தப்பில்லை. நாட்டில் பாதிப்பேர் அதைத்தான் கேட்பார்கள். அவருக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தலைமடையும் கடைமடையும்

நான் கன்னடியன் கால்வாயின் கடைமடைக்காரன். பாபநாசத்தில் தண்ணி திறந்துவிட்டாச்சு என்று பேப்பரில் வந்த பிறகும், எங்கள் மடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. மொத்த ஆற்றுக்கும் ஸ்ரீவைகுண்டம்தான் கடைமடை. அங்கே தண்ணி வராத வருஷங்களில், தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து அந்த மக்கள் நடத்திய போராட்டம் நமக்கெல்லாம் தெரியும்.

கடைமடைக்காரன் தண்ணி கேட்டால் அவனை யாராவது அயலான் என்பார்களா? தலைமடையில் ஒருத்தர் வாய்க்காலில் நேரே மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், அவர் நம்ம சாதி, நம்ம ஊர், நம்ம சொந்தக்காரர் என்பதற்காக அது நியாயம் ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் நம்ம பாட்டன்மார் முறை வைத்தார்கள். மடைக்கு ஒரு ஆள், இத்தனை நாழிகை மேலே, இத்தனை நாழிகை கீழே என்று வைத்தார்கள்.

பாக் நீரிணையில் நடக்கிற சண்டையை நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். அங்கே தலைமடையில் நிற்பது நம்ம கரை. கடைமடையில் நிற்பது யாழ்ப்பாணமும் மன்னாரும். அந்தக் கடைமடைக்காரரும் தமிழர்தான் என்பதைத் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லை போட்ட கதை

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் கோடு போடப்பட்டது. 285 ஏக்கர் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. நம்ம மீனவர்கள் முன்போலவே அங்கே போய்வரலாம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு விசா வேண்டாம் என்று அதில் இருந்தது. இரு நாட்டுப் படகுகளும் ஒன்றின் கடலில் மற்றது வழிவழியாக அனுபவித்துவந்த உரிமை தொடரும் என்றும் ஒரு பிரிவு இருந்தது.

1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இரண்டாவது ஒப்பந்தம். அது நெருக்கடிநிலைக் காலம். ஜனவரி 31-ஆம் தேதியே தமிழக அரசைக் கலைத்துவிட்டார்கள். கேட்க சட்டமன்றம்கூட இல்லை. அந்த ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில்தான், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியில்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். கடலில் இறங்கி வலை வீசுகிறவர்களை எந்தத் தலைநகரமும் கேட்கவில்லை. இந்தக் கோபம் நியாயமான கோபம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அதே 1976 ஒப்பந்தத்தில் குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டு நம்ம பக்கம் வந்தது. மீன் கொழித்துக் கிடக்கிற இடம். அதுவரை அங்கே தொழில் செய்துவந்த இலங்கைப் படகுகளுக்கு மூன்று வருஷம் தவணை கொடுத்து, பிறகு போகச் சொன்னோம். அவர்கள் போனார்கள். கச்சத்தீவைப் பேசும் மேடைகளில் வாட்ஜ் திட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கடலுக்கு வந்த பசுமைப் புரட்சி

இழுவைமடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய விசைப்படகின் பின்னால் பை மாதிரி ஒரு வலை. வாய் விரிந்து நிற்க ரெண்டு பக்கமும் கனத்த பலகை. அடியில் சங்கிலி. கடலடித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகும். இறால்தான் குறி. ஆனால் இறாலோடு நண்டு, குஞ்சு மீன், முட்டை, பாசி, கடல்புல் எல்லாம் சேர்ந்து வரும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அங்கே தரையைச் சுரண்டினால் தப்பிக்க எதற்கும் இடமில்லை. ஆவுளியா என்று நம்ம மீனவர்கள் சொல்லும் கடல்பசு மேய்கிற புல்வெளி அங்கேதான் இருக்கிறது. அதைக் காக்க 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவிக்க வேண்டிவந்தது.

இந்தத் தொழில் எப்படி வந்தது? 1952-இல் நார்வேயோடு போட்ட ஒப்பந்தப்படி, அடுத்த வருஷம் கேரளத்தில் நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்தத்தான் வந்தது என்றார்கள். கொஞ்ச வருஷத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு நல்ல விலை இருப்பது தெரிந்ததும், எல்லாம் இறாலுக்கு ஓடுகிற படகாக மாறியது. அறுபதுகளில் மானியமும் கடனும் கொடுத்து நம்ம கரைக்கும் இழுவைப்படகு இறங்கியது.

அதே அறுபதுகளில்தான் ஐ.ஆர்.8 வந்தது. அதே மானியம், அதே கடன், அதே "உற்பத்தியைப் பெருக்கு" என்ற பாட்டு. நமக்கு யூரியா கொடுத்தார்கள், அவர்களுக்கு இழுவைமடி கொடுத்தார்கள். முதல் பத்து வருஷம் நமக்கும் மூட்டை மூட்டையாக விளைந்தது, அவர்களுக்கும் கூடை கூடையாக ஏறியது. பிறகு நம்ம மண்ணில் புழு செத்தது. அவர்கள் கடலில் மீன் குறைந்தது. குறையக் குறைய நாம் உரத்தைக் கூட்டினோம். அவர்கள் எஞ்சினைக் கூட்டினார்கள், வலைக்கண்ணைச் சுருக்கினார்கள், கடைசியில் கோட்டைத் தாண்டினார்கள்.

ஆகவே கோட்டைத் தாண்டுகிறவனை மட்டும் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. யூரியா போட்ட உழவனை யாராவது குற்றவாளி என்றால் நமக்குச் சுருக்கென்று இருக்கும் அல்லவா? அவனும் நம்மைப்போல ஒரு திட்டத்துக்குள் இழுத்துவிடப்பட்டவன்தான். அதற்காக யூரியாவை நல்லது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோமா? இல்லையே.

அக்கரையில் நடந்தது

1983-இலிருந்து 2009 வரை அக்கரையில் போர். வடக்கு மீனவர்களைக் கடலில் இறங்கவே விடவில்லை. பல இடங்களில் தடை, பாதுகாப்பு வலயம், பாஸ் முறை, கட்டுப்பாடு. படகு போனது, வலை போனது, ஊரே இடம்பெயர்ந்தது. அந்த இருபத்தஞ்சு வருஷத்தில் நம்ம பக்கத்து விசைப்படகுகள் பெருகின. ஆளில்லாத வயலில் ஆடு மாடு மேய்கிற மாதிரி அந்தக் கடல் நமக்குப் பழகிவிட்டது. கடற்படையின் துப்பாக்கிக்கு நம்ம மீனவர்கள் பலர் பலியானதும் இந்தக் காலத்தில்தான். அதை யாரும் மறக்க வேண்டாம்.

2009-க்குப் பிறகு அக்கரை மீனவர் கடனை உடனை வாங்கி ஒரு சின்னப் படகும் கொஞ்சம் வலையும் வாங்கிக் கடலுக்கு வந்தார். அவர் சாயங்காலம் வலையைப் போட்டுவிட்டு விடிகாலையில் எடுக்கிறவர். ராத்திரி நம்ம இழுவைப்படகுகள் வந்து அந்த வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். காலையில் போனால் மிதவைகூட மிச்சமிருக்காது. ஒரு வலை போனால் ஒரு வருஷ வாழ்க்கை போச்சு. 2011 பிப்ரவரியில் பருத்தித்துறைப் பக்கம் அந்த மீனவர்களே நம்ம மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். தமிழனைத் தமிழனே பிடித்தான். அவர்களை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது எது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

இலங்கையில் இழுவைமடியைத் தடை செய்யும் சட்டம் 2017 ஜூலையில் நிறைவேறியது. தம்பி கவனிக்க வேண்டும்: அதைத் தனிநபர் மசோதாவாக முதலில் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் எம்.பி. சுமந்திரன். அந்தச் சட்டம் நம்ம படகுக்கு மட்டும் இல்லை, அவர்கள் ஊர் இழுவைப்படகுக்கும் சேர்த்துத்தான்.

இருதரப்பு மீனவர்களும் அரசை நம்பாமல் நேரே பேசியும் பார்த்தார்கள். 2010 ஆகஸ்டில் சென்னையில் உட்கார்ந்து, ஓராண்டுக்குள் இழுவைமடியை விட்டுவிடுவது, அதுவரை வருஷத்தில் 70 நாள் மட்டும் போவது என்று ஒரு முறை வகுத்தார்கள். நம்ம மடைமுறை மாதிரியேதான். இரண்டு அரசும் அதைக் கையில் எடுத்து நடத்தியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். எடுக்கவில்லை. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட நம்ம மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. அதே வருஷம் ஜூனில் ஒரு மடக்கல் முயற்சியில் அவர்களின் கடற்படை வீரர் ஒருவர் செத்தார். ஆகஸ்டில் கடற்படைப் படகு மோதியதில் ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் செத்தார். ரெண்டு வீட்டிலும் ஒரே அழுகைதான்.

நம்ம கரையிலும் இதே கதை

இதெல்லாம் ராமேஸ்வரத்துச் சேதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நெல்லை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி. பெரும்பாலும் நாட்டுப்படகும் வள்ளமும்தான். கரையிலிருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கே சொந்தம், விசைப்படகு உள்ளே வரக் கூடாது என்று 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் வேறு மாவட்டத்து விசைப்படகு உள்ளே வந்து வலையை அறுத்துப்போட்டுப் போய்விட்டது என்று இந்த ஊர்க்காரர்கள் மனுக் கொடுப்பதும் மறியல் செய்வதும் வருஷந்தோறும் நடக்கிறது.

கூத்தங்குழியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பெரியவர் வருவார். என்னிடம் கிச்சிலிச் சம்பாவும் பூங்காரும் வாங்கிக்கொண்டு, கருவாடு கொடுத்துப்போவார். யாழ்ப்பாணத்துச் சேதியை அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அவன் சொல்லுததும் நாங்க சொல்லுததும் ஒண்ணுதான் அண்ணாச்சி. நடுவுல கோடு இருக்கதுனால அவன் சொன்னா எதிரி. நாங்க சொன்னா மனு."

இன்னொன்றும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் பஹ்ரைனில் பிடிபட்டார்கள். ஈரானில் ஒப்பந்தக் கூலிக்குப் படகேறியவர்கள். யாரோ முதலாளியின் படகு எல்லை தாண்டியது. சிறைக்குப் போனது இவர்கள். டிசம்பரில்தான் ஊர் திரும்பினார்கள். சொந்தக் கரையில் கடலை வைத்துக்கொண்டு எதற்காகப் பாரசீக வளைகுடாவுக்குப் போனார்கள்? இங்கே கடல் சோறு போடவில்லை என்பதால்தானே? ராமேஸ்வரத்துப் படகில் போய்ச் சிறைப்படுகிறவர்களிலும் பெரும்பாலோர் பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள். படகு அவர்களுடையது இல்லை. எந்த நாட்டுக் கடலானாலும் கோட்டைத் தாண்டினால் உள்ளே போவது கூலிக்காரன்தான்.

கச்சத்தீவு வந்தால் மீன் வருமா?

தீர்மானத்தின் மூன்றாவது வரிக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் சட்டமன்றமும் கச்சத்தீவை மீட்கத் தீர்மானம் போட்டது. கொடுத்த விதம் தப்பு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் இருந்த உரிமை திரும்ப வேண்டும் என்பதும் சரி. ஆனால் தீவு நாளைக்கே கிடைத்தாலும் கோடு கொஞ்சம்தான் நகரும். நம்ம படகுகள் போய்ப் பிடிபடுகிற நெடுந்தீவும் யாழ்ப்பாணக் கரையும் அதற்கு அப்பால் இருக்கின்றன. வழிவழி உரிமை என்று நாம் கேட்பதும் பாய்மரத்துக்கும் கைவலைக்கும் இருந்த உரிமை. அதைச் சங்கிலி கட்டிய இழுவைமடிக்குக் கேட்டால் யார் ஒப்புவார்கள்?

கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவுப் பக்கம் காட் என்கிற மீன் நூற்றாண்டுக் கணக்காகக் கொழித்துக் கிடந்தது. அந்நிய நாட்டுப் பெரிய இழுவைக்கப்பல்கள் வந்து அள்ளுகின்றன என்று கனடா கொதித்தது. 1977-இல் 200 கடல்மைல் வரை தன் எல்லையை விரித்து அந்நியர்களைப் பெருமளவு வெளியேற்றியது. சரி, மீன் தப்பியதா? இல்லை. வெளியேறிய கப்பல்களின் இடத்தில் கனடாவின் சொந்த இழுவைக்கப்பல்கள் வந்தன. 1992-இல் அந்த மீன்பிடிப்பையே மூட வேண்டியதாகிவிட்டது. முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது. எல்லை கிடைத்தது, மீன் கிடைக்கவில்லை.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம்தான். அதில் என்ன போடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைக் கொன்ற அனுபவம் நமக்கே இருக்கிறதே.

மாறுகிறவனுக்குத் தாங்கல் வேண்டும்

"அப்போ இழுவைப்படகுக்காரன் எங்க போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் என் நாலாவது வரியில் "முழுப்பணம்" என்று இருக்கிறது.

2017-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன. பாக் நீரிணையில் 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கைக்காசு 10 சதவீதம். மூன்று வருஷத்தில் முடிப்போம் என்றார்கள். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கைக்காசு 8 லட்சம், கடன் 16 லட்சம். ஒருநாள் கடலுக்குப் போய்த் திரும்புகிறவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சூரை பிடி என்கிறார்கள். அந்தத் தொழில் அவருக்குப் பழக்கமில்லை. டீசல் செலவு கூட. பிடிபட்டு அக்கரையில் கிடந்து மக்குகிற படகுக்கு ஏற்கெனவே ஒரு கடன். கூலிக்குப் போகிறவருக்கோ இந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

ரசாயனத்திலிருந்து மாறியவர்களுக்கு இது புரியும். முதல் மூணு போகம் மகசூல் விழும். வீட்டில் சண்டை வரும். பக்கத்து வயல்காரர் சிரிப்பார். அந்த நேரத்தில் "உரத்தை நிறுத்து" என்று சட்டம் மட்டும் போட்டால் உழவன் தூக்கு மாட்டிக்கொள்வான். மாடு வாங்கக் காசு, விளைந்ததுக்கு விலை, கூட நிற்க நாலு பேர் இருந்தால் தாக்குப்பிடிப்பான். ஒரே நாளில் ரசாயனத்தை நிறுத்தச் சொன்னதில் இலங்கை உழவர்கள் 2021-இல் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். இயற்கை வேளாண்மைக்கே அது கெட்ட பெயரைக் கொண்டுவந்தது. கடலிலும் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம். இழுவைப்படகை நியாயமான விலைக்கு அரசே வாங்கி உடைக்க வேண்டும். படகுக்காரரின் கடனைத் தீர்க்க வேண்டும். கூலித் தொழிலாளிக்கு நாட்டுப்படகும் வலையும் கொடுக்க வேண்டும். மாறுகிற வருஷங்களுக்கு வீட்டுச்செலவுக்குப் படி கொடுக்க வேண்டும்.

முறை வைத்து வாழ அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகு என்று எழுபதுகளின் கடைசியிலிருந்தே ஒரு ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. நாம் கோடையில் வயலை ஆறப்போடுகிற மாதிரி.

நம்ம கையில் இருப்பது

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், மீன் அமிலத்துக்கு மலிவாகச் சரக்கு கிடைக்கிறது என்று ஒரு வியாபாரியிடம் எட்டு மூட்டை வாங்கினேன். மூட்டையைப் பிரித்தபோது அந்தக் கூத்தங்குழிப் பெரியவரும் பக்கத்தில் இருந்தார். உள்ளே அத்தனையும் விரல் நீளக் குஞ்சு, நண்டுக்குஞ்சு, பெயர் தெரியாத பொடி. சங்காயம். இழுவைமடியில் இறாலோடு ஏறி, விலை போகாமல் கோழித்தீவனத்துக்கும் எருவுக்கும் போகிற சரக்கு. பெரியவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "பால் பிடிக்கும் முன்னாலே கதிரை அறுத்துக் கொண்டாந்து மாட்டுக்குப் போட்டா உமக்கு எப்படி இருக்கும்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. நான் இயற்கை விவசாயி என்று போர்டு மாட்டியிருந்தேன். என் நெல்லுக்கு ஊக்கம் கொடுத்தது, அக்கரையில் எவனோ ஒருத்தன் நாளைக்குப் பிடிக்க வேண்டிய மீன்.

அதிலிருந்து மீன் சந்தையில் வெட்டிப்போடுகிற தலை, செதில், குடலை மட்டும்தான் வாங்குகிறேன். அமிலம் அதே தரம்தான். வெல்லமும் அதே அளவுதான், அதே 21 நாள்தான். கொஞ்சம் அலைச்சல், அவ்வளவே. நம்ம இயக்கத்தில் மீன் அமிலம் செய்கிற ஒவ்வொருத்தரும் இதை ஒரு விதியாக வைத்துக்கொண்டால் என்ன? கருவாட்டுத்தூள் எரு வாங்கினாலும் எந்த மடியில் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்போம். வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் யோசிப்பான்.

இன்னொன்றையும் விட வேண்டும். "தாமிரபரணித் தண்ணி வீணாகக் கடலில் கலக்குது" என்று நம்ம மேடைகளில் பேசுகிறோம். புன்னக்காயலில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலந்தால்தான் இறாலும் மடவையும் குஞ்சாக வளரும். மழைக்காலத்தில் ஆறு கொண்டுபோகிற வண்டல்தான் கரைக்கடலுக்கு அடியுரம். அது கடலின் பங்கு. எட்டாவது அணைக்கட்டுக்குக் கீழே ஒன்பதாவது கடைமடையாகக் கடல் இருக்கிறது. ஆற்றில் நாம் விடுகிற பூச்சிமருந்தும் நெல்லை மாநகரம் விடுகிற சாக்கடையும் போய்ச் சேருவதும் அங்கேதான்.

மகாவம்சம் என்ற பழைய பாலி நூலில் இலங்கைக்குத் தம்பபண்ணி என்று ஒரு பெயர் இருக்கிறது. நம்ம ஆற்றின் பெயரேதான் அது. எந்தப் பெயர் எங்கிருந்து எங்கே போனது என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். கொற்கையில் முத்துக்குளித்த காலத்திலிருந்து அந்தக் கரையும் இந்தக் கரையும் ஒரே கடலில்தான் பிழைத்திருக்கின்றன.

தம்பி, அடுத்த கூட்டத்தில் தீர்மானம் திரும்ப வரும். முதல் மூன்று வரியில் ஒரு எழுத்தையும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மீனவனைச் சுடக் கூடாது, அடிக்கக் கூடாது, கூலிக்காரனைச் சிறையில் போடக் கூடாது. நாலாவது வரியாக இதைச் சேர்க்கச் சொல்கிறேன்: "இரு கரைச் சிறுமீனவர்களின் வாழ்வையும் அழிக்கும் இழுவைமடியை, படகுக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் முழு ஈடு கொடுத்து, காலக்கெடு வைத்து நிறுத்த வேண்டும். நெல்லைக் கரையில் 3 கடல்மைல் சட்டத்தை இன்றே நடைமுறைப்படுத்த வேண்டும். இரு கரை மீனவர்களும் பேசி வகுக்கும் முறையை இரு அரசுகளும் ஏற்க வேண்டும்."

எதிர்த்துக் கை தூக்கினாலும் சரி, காரணம் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். கூத்தங்குழிப் பெரியவரையும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.